காதர் தம்பியும் மெழுகு பூசாத படகும்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் “அக்கா” என்றது ஒரு குரல். நாலு வருடமாக என் காதில் விழாத குரல். ஆனாலும் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கூடலூர் காதர் தம்பியின் மனைவி ஜைனம்பு பேசினாள்.

“அவுக மவுத்தாயிட்டாகக்கா. செத்த முன்னாலதான். மூச்சு அப்படியே நின்னுபோச்சு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறாக. வந்தா வாங்க. வரலைன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கடைசியில் சொன்னது அழைப்பா, குத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. “வர்றேன்” என்று மட்டும் சொன்னேன். மீதி மொச்சையையும் உரித்து முடித்தேன். பிறகு எங்கள் ஊர் கோம்பையிலிருந்து உத்தமபாளையம் வந்து, அங்கிருந்து கூடலூர் பஸ் ஏறினேன்.

காதர் தம்பியின் பட்டறை குமுளி ரோட்டில், ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தது. பைபர் படகுகளுக்கு மெருகு ஏற்றுகிற பட்டறை. இந்தப் பக்கத்தில் யாருக்கப்பா வேண்டும் படகு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மலைக்கு மேலே ஏரிகள் உண்டு, விடுதிகள் உண்டு, சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. ஐந்தாறு கோடை வெயிலில் அந்தப் படகுகளின் நிறம் செத்துப்போகும். மேலேயே வைத்து வேலை பார்க்கலாம் என்றால் அங்கே எந்நேரமும் ஈரம். அதனால் லாரியில் ஏற்றிக் கீழே அனுப்புவார்கள். காதர் தம்பி சரிசெய்து திருப்பி அனுப்புவார். இருபது வருடம் அவருக்கு அதுதான் பிழைப்பு. அதில் ஏழு வருடம் எனக்கும் அதுதான்.

நான் அங்கே வேலைக்குப் போனது என் ஐம்பத்தாறாவது வயதில். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதுவரைக்கும் நான் திராட்சைத் தோட்டத்தில் கொத்துக்குள் விரலை விட்டுப் பிஞ்சு கழிக்கிற வேலை பார்த்தவள். தோட்டத்துக்காரர் கொடியை வெட்டிவிட்டு மனை போட்டார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்த நினைவஞ்சலி அவருக்கானதாக மாறிவிடும், அவ்வளவு இருக்கிறது சொல்ல.

முதல் நாள் காதர் தம்பி என்னை ஒரு வெள்ளைப் படகின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இதுக்கு என்ன கேடுன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“அழுக்கு” என்றேன்.

“கையை வச்சு இழுத்துப் பாருங்கக்கா.”

இழுத்தேன். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மாவு.

“வெள்ளையடிச்சு வச்சிருக்கீகளா தம்பி?”

“யாரும் அடிக்கலை. இது படகோட தோலு. ஜெல் கோட்டுன்னு பேரு. வெயில் தின்னு மாவாக்கி வச்சிருக்கு. பளபளப்பை நாம எங்கிட்டிருந்தும் கொண்டாந்து ஒட்டலைக்கா. அது உள்ளதான் இருக்கு. மேல செத்தது கிடக்கு. செத்ததை மட்டும் எடுக்கணும். உசுரோட இருக்கறதைத் தொட்டுறக் கூடாது.”

“அந்தத் தோலு எம்புட்டுக் கனம் இருக்கும்?”

“கொய்யாப்பழத் தோலு.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். ஒவ்வொரு தடவை மெருகு ஏத்தும்போதும் அதுல கொஞ்சம் போகும். நாலு தடவை தாங்கும், அஞ்சு தடவை தாங்கும். அதுக்கு மேல தேய்ச்சா எலும்புதான்.”

அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வேலையில் எந்தப் படகும் பிழைப்பதில்லை. தவணைதான் தள்ளிப்போகிறது. அதைத் தெரிந்துகொண்டே ஒரு மனிதன் இவ்வளவு ஆசையாகச் செய்கிறானே என்று நினைத்தேன்.

ஆசையாகத்தான் செய்தார். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு, தச்சர் காதில் செருகியிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு தட்டைப் பென்சிலை என் கையில் கொடுப்பார். ஒரு முறம் அளவுக்கு இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழிக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கோடு மறைந்த நொடி கையை எடுத்துவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்ங்கற புத்திதான் படகைக் கொல்லும்” என்பார். ஒரு முறம் முடிந்த பிறகுதான் அடுத்த முறம். முரட்டுப் பேப்பரிலிருந்து மெல்லிய பேப்பருக்கு வர வேண்டும். அப்புறம் காம்பவுண்டு என்கிற மெருகுக் களிம்பைத் தடவி மெஷினால் சுற்ற வேண்டும். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிக் கருகும். எல்லாம் முடிந்த பிறகு மெழுகு, இரண்டு கை.

என்னோடு வேலை பார்த்த முருகாயி வாயாடி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று அவளுக்குத் தெரியும். நான் பென்சிலும் கையுமாகக் கோடு கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

“ஏத்தா, பள்ளிக்கூடத்துல எழுதாததை எல்லாம் இங்கன எழுதித் தீர்க்கிறியா?”

“ஆமாடி. எழுதினதை அழிக்கிறதுக்குக் கூலி குடுக்கிற பள்ளிக்கூடம் இது ஒண்ணுதான்” என்றேன்.

காதர் தம்பி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அப்போதே அந்த இருமல் இருந்தது. எங்களை எல்லாம் முகத்தில் துணி கட்டாமல் உள்ளே விடமாட்டார். அவர் மட்டும் கட்டமாட்டார். நான் சண்டை போட்டிருக்கிறேன்.

“ஊருக்கெல்லாம் சட்டம் பேசுறீக. உங்க மூக்குல ஒரு முழத் துணி கட்டுனா என்ன கெட்டுப்போகும்?”

“கட்டுனா வாசனை தெரியாதுக்கா. காம்பவுண்டு சூடேறுதா, தோலு கருகுதான்னு மூக்குதான் முதல்ல சொல்லும்.”

“தோலைக் காப்பாத்தி நெஞ்சைக் கெடுத்துக்கிருவீகளாக்கும்.”

“நெஞ்சு உள்ள இருக்குக்கா. அதை எந்த மேனேஜரு வந்து பார்க்கப் போறான்?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். பெரிய மனிதர்களிடமும் அப்படித்தான். ஒரு விடுதி முதலாளி, நாங்கள் மெருகேற்றி அனுப்பிய படகைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவைத்து, உள்ளே வேர்த்து வேர்த்து மேலெல்லாம் கொப்புளம் போட்ட பிறகு திருப்பி அனுப்பினார். பளபளவென்று காரில் வந்து இறங்கி, உங்கள் வேலை சரியில்லை என்றார். காதர் தம்பி அவரைத் தார்ப்பாய்க்குள் தலையை விடச் சொன்னார். அவரும் விட்டார். “இருங்க சார், ரெண்டு நிமிசம் இருங்க. எப்படி இருக்கு?” என்று வெளியிலிருந்து கேட்டார். வேர்த்து வழியத் தலையை வெளியே எடுத்தவரிடம் “போத்தணும் சார், பொதைக்கக் கூடாது” என்றார். அந்த முதலாளி அதற்குப் பிறகு எங்கள் பட்டறையைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் நான் சொல்ல வந்தது கடைசியாக நாங்கள் சேர்ந்து பார்த்த படகைப் பற்றி.

பட்டறை இருந்த இடம் அவருடையது இல்லை. இடத்துக்காரர் அங்கே ஜீப் நிறுத்தம் போடப் பார்த்தார். ஆறு மாதத்தில் நிரந்தர வேலை ஒன்றைப் பிடித்துக் காட்டு, இல்லையென்றால் காலி செய் என்றார். அந்த நேரத்தில்தான் மேலே ஓர் ஏரியில் படகு விடுகிற ஆட்கள் பேச்சு எடுத்தார்கள். பன்னிரண்டு படகுகள். வருடா வருடம் நம்மிடமே வரும். ஆனால் முதலில் ஒரு பழைய படகைத் தருவார்கள். அதைச் சரிசெய்து காட்ட வேண்டும். அவர்களுடைய மலையாளத்து மேனேஜர் வந்து பார்த்து, தேறியது என்றால் பட்டறை நிற்கும். தேறாவிட்டால் பட்டறை இல்லை. காதர் தம்பி இதை எங்களிடம் மறைக்கவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

வந்தது எட்டுப் பேர் உட்காரும் படகு. தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. வேறு யாரோ ஏற்கெனவே மூன்று தடவை முரட்டுத்தனமாகத் தேய்த்திருந்தார்கள். மூக்குப் பக்கத்தில், அதாவது படகின் முன்னால் கூர்மையாக வருமே, அங்கே தோலே இல்லை என்று சொல்லலாம். “இங்கன மெஷின் ஆகாது. அக்கா கை மட்டும்தான்” என்றார். திராட்சைப் பிஞ்சு கழித்த கை. பதினோரு நாள் பார்த்தோம். மூக்கை நான் இரண்டு விரலால் மட்டும் தேய்த்தேன், குழந்தைக்கு மருந்து தடவுகிற மாதிரி. பதினோராம் நாள் அந்தப் படகில் என் முகம் தெரிந்தது. சுருக்கம் எல்லாம் தெரிந்தது. முருகாயி வந்து பார்த்துவிட்டு, “படகு இளமையாயிருச்சு, நீதான் ஆகலை” என்றாள்.

மெழுகு மட்டும் பாக்கி. இரண்டு நாளாகத் தூறல். கூரை ஒழுகி, எவ்வளவு துடைத்தும் படகின் உடம்பில் ஈரம். ஈரத்தில் மெழுகு போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். மறுநாள் ஆயுத பூசை. அதற்கு அடுத்த நாள் பதினோரு மணிக்கு மேனேஜர் வருகிறார்.

ஆயுத பூசை அன்று பட்டறையில் கருவியைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, ஓய்வாக வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை மறுபூசை போட்டுத்தான் எடுப்போம். அதுவரை வைத்த பொட்டைத் துடைக்கவும் மாட்டோம். இது நாங்கள் வைத்த வழக்கம். காதர் தம்பி ஒரு வருடம்கூடக் குறுக்கே நின்றதில்லை. பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாம் அவரே கம்பம் கடைத்தெருவிலிருந்து வாங்கிவருவார். “சாமி உங்களோடது, பொரி எல்லாருக்கும்” என்று சொல்லி வாசல் ஓரமாக நின்றுகொள்வார். மெழுகு போடாமல் கிடக்கிற படகை வைத்துக்கொண்டு, இன்றைக்குப் பூசை வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளென வந்து தானே போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

எங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. முந்தின ராத்திரி நாங்கள் போன பிறகு ஈரத்தைக் காயவைத்து அவரே மெழுகு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிவந்தேன். மெஷினுக்கு வைத்தேன், கம்ப்ரசருக்கு வைத்தேன், கதவுக்கு வைத்தேன். படகுக்கு முன்னால் வந்து நின்றேன். ஒவ்வொரு வருடமும் பட்டறையில் நிற்கிற படகுக்கும் வைப்போம். மெழுகு பூசிய படகில் வைத்தால் மறுநாள் ஈரத்துணியால் ஒரு இழுப்பில் வந்துவிடும்.

“முடிஞ்சிருச்சுல்ல தம்பி?” என்று அவரைப் பார்த்துக் கேட்டேன். கேட்டேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவர் கையில் பொரி இருந்தது. வாய்க்குப் போகிற வழியில் கை நின்றது. தட்டைப் பார்த்தார். படகைப் பார்த்தார். சுற்றிலும் பக்கத்து வெல்டிங் பட்டறை ஆட்கள், ஜீப்புக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர்.

“முடிஞ்ச மாதிரிதான்க்கா” என்றார்.

மூக்குக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். இந்தப் படகுதான் பட்டறையைக் காப்பாற்றப் போகிறது என்று மற்றதற்கு வைத்ததைவிடப் பெரிதாக வைத்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் ஏற்கெனவே படகின் முன்னால் குந்தியிருந்தார். கூரைச் சொட்டு விழுந்து சந்தனம் கரைந்திருந்தது. குங்குமம் கரைந்து மூக்கிலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்கு இறங்கியிருந்தது. துடைத்தார். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. தோல் இல்லாத இடம், குடித்துவிட்டது. சவர்க்காரம் போட்டார், ஸ்பிரிட் போட்டார். சிவப்பு ரோஸாகிப் பரவியதே தவிரப் போகவில்லை. மஞ்சளாக இருந்தால் நாலு நாள் வெயிலில் வெளுத்துவிடும், குங்குமச் சாயம் போகாது என்று துடைத்துக்கொண்டே அவரே சொன்னார். நாலு நாளுக்கு எங்கே போவது? மேனேஜர் வர இரண்டு மணி நேரம் இருந்தது.

வாட்டர் பேப்பரை எடுத்தார்.

“தம்பி, வேணாம். அங்கன தோலு இல்ல” என்றேன்.

“கொஞ்சம்தான்க்கா.”

“கொஞ்சம்னு நீங்களா சொல்றீக?”

அவர் காதில் விழவில்லை. பென்சில் கோடு போடவில்லை. எத்தனையோ படகுக்கு எங்கள் கையைப் பிடித்து நிறுத்தியவர், அன்றைக்குத் தன் கையை நிறுத்தவில்லை. சிவப்பு போயிற்று. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், காயத்துக்குக் கட்டும் துணி மாதிரி, பைபர் இழை தெரிந்தது. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வந்தார். சுற்றிப் பார்த்தார். முதுகு, வயிறு, பின்பக்கம் எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். மூக்குக்கு வந்து நின்றார்.

“எந்தா இது? புண்ணு மாதிரி?”

காதர் தம்பி என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“லேபர்ல ஒரு அம்மா சார். படிக்காத பொம்பளை. தெரியாம பொட்டு வச்சுட்டாக.”

‘வச்சுட்டாக’ என்று மரியாதை வேறு. நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஏழு வருடம் ‘அக்கா கை, அக்கா கை’ என்று ஊரெல்லாம் சொன்ன வாய்.

“சாரமில்ல. நோக்கிட்டு விளிக்காம்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஜீப்பில் ஏறினார். பரவாயில்லை, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். கூப்பிடவில்லை. அந்தப் படகைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

நான் தலைத்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, “வர்றேன்” என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். முருகாயி பின்னாலேயே ஓடிவந்து, “ஏத்தா, அந்த மனுசன் பதட்டத்துல பேசிட்டாக. நில்லு” என்றாள். நான் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் கோம்பைக்கு வந்தார். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வாசல் பக்கம் வரப் பார்த்தார். எங்கள் வீட்டு நாய் பாய்ந்துகொண்டு நின்றது. கோம்பை நாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“அக்கா! நாயைப் பிடிங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிர்றேன்.”

நான் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

“அது படிக்காத நாயி தம்பி. அதுக்கு ஆளு தெரியாது” என்றேன்.

தெருவிலேயே நின்று இருமினார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் அவர் குரலைக் கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பதிலை அன்று சாயங்காலம் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

பட்டறை போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் தனியாகத் தண்ணீர்த் தொட்டி ஒட்டுவது, ஜீப் கூரை ஒட்டுவது என்று செய்துகொண்டிருந்தார் என்று முருகாயி சொல்வாள். முகத்தில் துணி கட்டு என்று சண்டை போடவும் அங்கே ஆள் இல்லை. நெஞ்சில் தூசி படிந்து இறுகிவிட்டது, அதை எடுக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னதாக ஒருநாள் சொன்னாள். நான் “ம்” என்றேன். அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். கோம்பைக்கும் கூடலூருக்கும் ஒரு மணி நேரம். நான் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் போனேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். இடத்துக்காரர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, “எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். கொல்லையில் அந்தப் படகு கிடந்தது. மூக்கில் புதிதாக ஜெல் கோட்டு வைத்து ஒட்டியிருந்தார். பழைய வெள்ளையும் புது வெள்ளையும் சேரவில்லை. எத்தனை தடவை சேர்க்கப் பார்த்திருப்பார் என்று அந்த ஒட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மீதி உடம்பையெல்லாம் வெயில் மறுபடி தின்றிருந்தது. பைபரைப் பழைய இரும்புக்காரனும் எடுக்க மாட்டான். உருக்கவும் முடியாது, எரிக்கவும் கூடாது. அறுத்துப் புதைக்கத்தான் வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு அமைதியானது. ஜைனம்பு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அவுக உங்களைச் சொன்ன சொல்லு தப்புத்தான். அவுகளே சொல்லிச் சொல்லி மாஞ்சாக. ‘அக்கா தட்டோட வரும்போதே வாயைத் தொறந்திருக்கணும்’னாக. ஏன் தொறக்கலைன்னு நான் கேட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“‘பூசை நாளு. அம்புட்டுப் பேரு நிக்கிறாக. எம் படகுக்குக் குங்குமம் வைக்காதீகன்னு ஒரு ராவுத்தன் சொன்னா, அது மெழுகைப் பத்துன பேச்சுன்னு யாரு நம்புவாக ஜைனம்பு’ன்னாக. அதைச் சொல்லத்தான் உங்க ஊருக்கும் வந்தாக.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மற்றவர்கள் கிடக்கட்டும். என்னிடம் சொல்லியிருக்கலாமே. காதோடு காதாகச் சொல்லியிருக்கலாமே.

“நான் நம்பியிருப்பேன்” என்றேன்.

ஜைனம்பு என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

இன்றைக்கு அவருடைய நாற்பதாம் நாள் ஓதுகிறார்கள். இந்த நாற்பது நாளும் நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பத்துப் பேருக்கு முன்னால் தட்டோடு நிற்கிற என்னிடம் அவர் “படகுக்கு வேணாம்க்கா” என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தட்டை அங்கேயே வைத்திருப்பேன். பஸ் ஏறியிருப்பேன். உத்தமபாளையம் வந்து சேர்வதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்திருக்கும், காதர் பட்டறையில் குங்குமத்துக்கு இடமில்லையாம் என்று. என் நாக்கை அவருக்கு ஏழு வருடமாகத் தெரியும். ‘படிக்காத பொம்பளை’ என்ற சொல் என் ஒருத்தியோடு நின்றது. ‘குங்குமம் வேணாம்’ என்ற சொல் எங்கே போய் நின்றிருக்குமோ தெரியாது. அதனால்தான் அவர் என்னைப் படிக்காதவள் என்று சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. மேனேஜர் முன்னால் பயத்தில்தான் சொன்னார், அது தப்புத்தான், அதை நான் மன்னிக்கவும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று கேட்டால், ‘படிக்காத பொம்பளை’ என்ற அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன். ஜைனம்புவிடம் “நான் நம்பியிருப்பேன்” என்று சொன்ன பொய்யையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.